மயிலாடியின் ஞாயிற்றுக்கிழமை

மயிலாடி என்றதும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கல்சிற்பம். ஊருக்குள் கால் வைத்ததுமே உளிச் சத்தம் கேட்கும். இங்கே செதுக்கிய சிலைகள் எங்கெங்கோ கோவில்களில் நிற்கின்றன. அந்த ஊரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு வேலையும் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பெயரைச் சொல்கிறோம். அவர் ரிங்கல்தௌபே. முழுப்பெயர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே.

மயிலாடி ஆலயத்தின் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்பது அதன் பெயர். மாவட்டத்துக்கு வெளியே போனால் முதல் பெயரை அறிந்தவர்கள் உண்டு, இரண்டாவது பெயரை அறிந்தவர்கள் அரிது. கல்லூரி மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். வெள்ளைக்காரர்கள் வந்ததால்தானே நமக்குப் படிப்பு வந்தது என்று கேட்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியை இன்று பார்ப்போம்.

ரிங்கல்தௌபே 1770-இல் சைலீசியாவில் பிறந்தவர். அன்று அது பிரஷ்ய அரசின் கீழ் இருந்தது, இன்று அந்தப் பகுதியின் பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது. அவருடைய தந்தை லூத்தரன் சபைப் போதகர். மகன் ஹாலே நகரத்தில் படித்தார். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவைச் செதுக்கி அனுப்பியதும் அதே ஹாலேதான். 1797-இல் ரிங்கல்தௌபே முதல்முறையாகக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே மனம் ஒட்டவில்லை, சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். பிறகு லண்டன் மிஷனரி சங்கம் அவரை மறுபடி அனுப்பியது. 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கூட வந்த இருவர் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார்கள். இவர் தமிழ் படிக்க உட்கார்ந்தார். தெற்கே போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

தெற்கே எங்கே போவது என்பதை அவர் தானாகத் தீர்மானிக்கவில்லை. அழைப்பு ஒன்று அவருக்கு முன்பே காத்திருந்தது.

மயிலாடியில் மகராசன் என்று ஒருவர் இருந்தார். சாம்பவர் குலத்தவர். அன்று பறையர் என்று எழுதப்பட்ட மக்கள் இவர்கள். சைவப் பற்று மிக்கவர். 1799 வாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். நந்தன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் நடந்து போனாலும் கோவில் மதிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று தெரிந்தே நடக்கிற பயணம் அது. அந்தப் பயணத்தில் தஞ்சாவூரில் கோலாப் என்ற பாதிரியாரைச் சந்தித்தார். அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி வைத்துப் படித்ததைச் சொல்லிக் கொடுத்தார். எதிர்ப்பு வந்தது, தொல்லை வந்தது. எங்கள் ஊருக்கு ஒருவரை அனுப்புங்கள் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாதிரிமாரிடம் கேட்டார். ரிங்கல்தௌபேயிடமும் கேட்டார்.

மாணவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நடந்து போனவர் மகராசன். வெள்ளைக்காரப் பாதிரியார் பின்னால் வந்தவர், அழைத்ததால் வந்தவர்.

அன்று இந்தப் பக்கம் திருவிதாங்கூர் அரசு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வேறு ராஜா, வேறு சட்டம். புலையர், பறையர், குறவர் என்று எழுதப்பட்ட மக்களில் பெரும்பகுதியினர் அடிமைகள். நிலத்தை விற்கும்போது சேர்த்து விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். 1836-இல் எடுத்த கணக்கில்கூட திருவிதாங்கூரில் 1,64,000-க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். மேலே இருப்பவரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குச் சாதிவாரியாக அளவு இருந்தது. அடிமையாக இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தலைவரி உண்டு. அதோடு ஊழியம் உண்டு. ஊழியம் என்றால் இன்று நல்ல சொல். அன்று அது கூலியில்லாமல் அரசுக்கும் கோவிலுக்கும் கட்டாயமாகச் செய்து தீர்க்க வேண்டிய வேலை. கூப்பிட்டால் போக வேண்டும். என்றைக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

அப்படிப்பட்ட நாட்டுக்குள் ஒரு பாதிரியார் நினைத்தவுடன் வந்துவிட முடியாது. திருவிதாங்கூரில் அன்று கும்பினியின் ரெசிடெண்டாக இருந்தவர் கர்னல் மெக்காலே. கல்வித் திட்டம் கொண்டுவந்த மெக்காலே வேறு, இவர் வேறு. இவருடைய அனுமதியால்தான் ரிங்கல்தௌபே உள்ளே வந்தார். கும்பினியின் துப்பாக்கி நிழலில் வந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. 1806 ஏப்ரலில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடி வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே அவருக்கு ஏமாற்றம். நூற்றுக்கணக்கானோர் வார்த்தையைக் கேட்கத் துடித்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று எண்ணி வந்தார். சில குடும்பங்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கச் செய்வதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. இதை அவரே வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார முடியாதவர்கள் யார்? விடியும் முன் வயலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். நாளை யார் வாசலில் நிற்க வேண்டும் என்று இன்று தெரியாதவர்கள். அவர்களுடைய நேரம் அவர்களுடையதாக இல்லை. அதை ஐரோப்பாவிலிருந்து வந்தவர் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு அந்த மக்களோடு பத்து ஆண்டு வாழ்ந்தார்.

எப்படி வாழ்ந்தார் என்பதுதான் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் பேசப்படுகிறது. அன்றைய பாதிரிமாருக்கு வழக்கமாகப் பங்களா இருக்கும். சமையல்காரர், தோட்டக்காரர் என்று நாலைந்து வேலையாட்கள் இருப்பார்கள். இவர் உள்ளூர்க்காரர்கள் குடியிருப்பது போன்ற சிறு குடிசையில் குடியிருந்தார். உள்ளே ஒரு கரடுமுரடான மேசை, ஒரு கட்டில், உட்கார இரண்டு இருக்கைகள். அவ்வளவுதான். உடம்பில் சீமைத் துணி என்று அநேகமாக எதுவும் இருக்காது. எப்போதாவது பாளையங்கோட்டைக்குப் போகும்போது அங்கிருக்கும் வெள்ளைக்கார நண்பர்கள் அவரைப் பார்த்துச் சங்கடப்பட்டு ஒரு கோட்டு கொடுத்து அனுப்புவார்கள். சங்கம் அனுப்பும் சம்பளம் ஏழைகளுக்குப் போய்விடும். திருமணம் செய்துகொள்ளவில்லை. தனக்கென்று என்ன வேண்டும் என்பதை யோசித்ததாகவே தெரியவில்லை.

காலையும் மாலையும் செபம், பிள்ளைகளுக்குப் பாடம், சபைப் பிள்ளைகளின் வழக்கு வம்புகள், நோயாளிகள், கடிதங்கள். இதுவே அவருடைய வாரநாள். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்று ஏழைப் பிள்ளைகள் சுமார் நாற்பது பேர் படித்தார்கள். மேல்சாதித் திண்ணைப் பள்ளிகளின் வாசலில்கூட நிற்க முடியாத வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்தார்கள். மயிலாடியில் அவர் தொடங்கிய பள்ளியின் வழியில்தான் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை 1809 என்று கணக்கிடுகிறது. அந்தக் கல்லூரி வாசலைத் தினமும் கடக்கும் பேருந்துப் பயணிகளில் எத்தனை பேருக்கு அதன் வேர் ஒரு சேரியின் பக்கத்தில் இருந்தது என்று தெரியும்?

வார இறுதி வந்தால் அவருக்கு ஓய்வு கிடையாது. சுற்றுப்பயணம்தான். மயிலாடியைத் தவிர பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், ஆனந்தநாடார்குடியிருப்பு, ஈத்தாமொழி, கோவில்விளை, ஆத்திக்காடு என்று ஊர் ஊராகச் சபைகள் கூடின. இன்று இந்த ஊர்களுக்கு மினி பஸ் போகிறது. அன்று வயல் வரப்பும் பனங்காட்டு மணல் தடமும்தான் பாதை. ஒரு ஊரில் ஆராதனை முடித்து அடுத்த ஊர், அங்கே முடித்து அதற்கடுத்த ஊர். முறை வைத்துச் சுற்றி வந்தார். அவர் போக முடியாத ஊரில் அவர் நியமித்த உபதேசியார்கள் நடத்தினார்கள். வேதமாணிக்கம் அவர்களில் முதல்வர்.

பாதிரியாருக்கு இது கடமைப் பயணம். கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கு இது என்ன?

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளை அவர்கள் அதற்கு முன் அறிந்ததில்லை. வேலைக்கு விடுமுறை என்பதே அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. திருவிழா நாள் என்றால் மேல்சாதிக்கு விருந்து, இவர்களுக்குக் கூடுதல் வேலை. இப்போது வாரத்தில் ஒரு நாள் குளித்து, இருக்கிற துணியைத் துவைத்து உடுத்தி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். யாரும் தள்ளிப் போ என்று விரட்டாத ஓர் இடத்தில் உட்காருகிறார்கள். வேலைக்கு ஆள் வரவில்லை என்று பண்ணையார் கோபப்படுகிறார். ஊழியத்துக்கு ஆள் வரவில்லை என்று அதிகாரி ஆள் அனுப்புகிறார். அடி விழுகிறது. அடுத்த ஞாயிறும் வந்து உட்காருகிறார்கள். ஒரு நாள் என்னுடையது என்று சொல்வது அன்று அவ்வளவு பெரிய சண்டை.

இந்தச் சண்டையை ரிங்கல்தௌபே முழுதாகப் புரிந்துகொண்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் ஞானஸ்நானம் கொடுப்பதில் மிகவும் கறாரானவர். தலைவரியிலிருந்து தப்பலாம், ஊழியத்திலிருந்து தப்பலாம், வழக்கில் வெள்ளைக்காரர் தயவு கிடைக்கும் என்று வருகிறவர்களை அவர் நம்பவில்லை. தன்னிடம் உள்ள சுமார் 600 பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் மெய்யான ஆன்மிக நாட்டம் இருக்கலாம் என்றும், மற்றவர்கள் ஏதேதோ நோக்கத்தோடு வந்தவர்கள் என்றும் அவரே கணக்குச் சொன்னார். பொய்க் கணக்கு எழுதி லண்டனை மகிழ்விக்காத அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நோக்கம் என்று அவர் சந்தேகப்பட்டது எதை? தலைவரி கட்ட முடியாதவர் அதிலிருந்து விடுபட நினைப்பது. கூலியில்லாத வேலைக்கு இழுத்துப் போகப்படுபவர் போக மாட்டேன் என்று நினைப்பது. உயிரோடும் மானத்தோடும் இருக்க வேண்டும் என்ற ஆசையைக் கலப்பட நோக்கம் என்று வயிறு நிறைந்தவர்தான் பிரித்துப் பார்க்க முடியும். இவர் வயிறு நிறைந்தவர் இல்லை. குடிசையில் இருந்தவர், சம்பளத்தைக் கொடுத்துவிட்டவர். ஆனால் அவருடைய வறுமை அவரே விரும்பி ஏற்றது. வேண்டாம் என்றால் கப்பல் ஏறிவிடலாம். மயிலாடிச் சேரியில் இருந்தவருக்கு அந்தக் கப்பல் இல்லை. எதற்காக வந்தாய் என்று தலித் மக்களைப் பார்த்து இன்றும் கேட்கிறார்கள். படிக்கப் போனால் எதற்கு, மதம் மாறினால் எதற்கு, கட்சியில் சேர்ந்தால் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல்.

1808 இறுதியில் வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழுந்தார். 1809 பிப்ரவரியில் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடித்து உள்ளே வந்தது. மயிலாடிக்குப் பக்கத்திலேயே நடந்த போர் அது. போர் ஓய்ந்த அதே ஆண்டில் மயிலாடியில் ஆலயம் கட்டப்பட்டது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷனின் முதல் ஆலயம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஊர்களிலும் சிறு ஆலயங்கள் எழுந்தன, பக்கத்திலேயே பள்ளிகளும் எழுந்தன.

இந்தச் சபைகளுக்குள் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒழியவில்லை என்பது இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் தெரியும். சேர்ந்து உட்காரத் தயங்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். பல சாதியாரும் வந்த அந்தச் சபைகளை வழிநடத்தும் முன்வரிசையில் ஒரு சாம்பவர் நின்றார். அந்த உண்மையும் நம் மண்ணுடையதுதான்.

பத்து ஆண்டுகளில் ரிங்கல்தௌபேயின் உடம்பு கெட்டது. ஈரல் நோய் வாட்டியது. தனிமையும் அழுத்தியது. 1816 தொடக்கத்தில் போவதென்று முடிவு செய்தார். தன் இடத்தில் யாரை வைப்பது? லண்டனிலிருந்து வேறு பாதிரியார் வரும்வரை காத்திருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யாரையும் கூட்டி வரவில்லை. சபையாரைக் கூட்டி, எல்லோர் முன்னிலையிலும் வேதமாணிக்கத்தைப் பொறுப்பில் அமர்த்தினார். தான் அணிந்திருந்த ஆராதனை அங்கியை அவருக்கு அணிவித்ததாக இந்தச் சபைகளின் வரலாறு சொல்கிறது. மேல்துணி உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களில் ஒருவரின் தோளில் அந்த அங்கி விழுந்தது. ரிங்கல்தௌபே செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு அவர் சென்னைக்குப் போனார். அங்கே ஒரு பாதிரியார் வீட்டுக்கு வந்தபோது உடம்பில் கோட்டு இல்லை, தலையில் நாட்டு ஓலைத்தொப்பி போன்ற ஒன்று. நன்னம்பிக்கை முனைக்குக் கடல் பயணம் கிளம்புகிறவர் அந்தக் கோலத்தில் வந்து நின்றார். அதன்பின் அவரைப் பற்றி உறுதியான செய்தி இல்லை. எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லை.

பாதிரியார் போய்விட்டார், இனி இந்தக் கூட்டம் கலைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். கலையவில்லை. 1818-இல் மீட் என்ற அடுத்த பாதிரியார் வந்து பொறுப்பேற்கும்வரை சுமார் இரண்டு ஆண்டுகள் மயிலாடியிலும் மற்ற ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது. ஊர் ஊராகச் சுற்றி வந்தவர் இப்போது வேதமாணிக்கம். அவருக்குத் திரும்பிப் போகக் கப்பல் இல்லை. மெக்காலேயின் சிபாரிசுக் கடிதம் இல்லை. சில பாதைகளில் நடக்கும் உரிமையே அவருக்கு இல்லை. வெள்ளைத் தோலுக்கு வழிவிட்ட அதே பாதை கருப்புத் தோலை விலகி நட என்று சொல்லும். இருந்தும் அவர் நடந்தார். ரிங்கல்தௌபேயின் சுற்றுப்பயணம் பத்து ஆண்டு என்றால், வேதமாணிக்கத்தின் சுற்றுப்பயணம் அதற்கு முன்னும் பின்னும் நீண்டது.

அவர்கள் பிடித்து வைத்திருந்த அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எழுத்து வடிவமும் கிடைத்தது. தோள்சீலைப் போராட்டம் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். 1829-இல் திருவிதாங்கூர் அரசு போட்ட ஆணை தோள்சீலை உரிமையை மறுத்தது. ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குக் கூப்பிடக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டது. வாரத்தில் ஆறு நாள் அரசு வைத்துக்கொண்டது, ஒரு நாளை விட்டுக்கொடுத்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. 1855-இல் அடிமை முறை ஒழிப்பு ஆணை வந்தது. 1859-இல் தோள்சீலைக்கு அனுமதி வந்தது.

இதை இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஒரு நாள் இன்னும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு இருப்பவரிடம் வார விடுமுறை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரில் பலருக்கு ஞாயிறு என்பது குப்பை அதிகம் சேரும் நாள், அவ்வளவுதான். ஒரு நாள் வராவிட்டால் கூலி போகும், இரண்டு நாள் வராவிட்டால் வேலை போகும். இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் அறிவோம். வார விடுப்பு கேட்டு அவர்கள் மனு கொடுக்கும்போது வேலை செய்ய வணங்காதவர்கள் என்று சொல்லும் குரல்கள் வரும். மயிலாடியில் ஒரு மணி நேரம் உட்காராதவர்களைப் பார்த்து ஒருவர் ஏமாந்து போனதை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாடிக்குப் போனால் அந்த ஆலயத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள். அடுத்ததாக உங்கள் ஊரின் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தொடங்கினார் என்று அங்கே கல்வெட்டு இருந்தால், அவரை யார் அழைத்தார்கள், அவர் போன பிறகு யார் நடத்தினார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேதமாணிக்கங்களின் பெயர் பெரும்பாலும் கல்லில் இருக்காது. பாட்டிமாரின் வாயில்தான் இருக்கும்.